பால்வாடி, பிளே ஸ்கூல், கிரெச்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நலன், சேர்த்துக்கொள்ளல், இணையப் பாதுகாப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் அதிகமான அங்கன்வாடிகள் இயங்குகின்றன. தனியார் பிளே ஸ்கூல்களும், வேலைக்குப் போகும் பெற்றோருக்கான கிரெச்களும் தனி. அங்கன்வாடிப் பணியாளர்களும் பிளே ஸ்கூல் நடத்துபவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே.

சேர்த்ததிலிருந்து குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. எத்தனை நாள் பொறுக்கலாம்?

இரண்டு மூன்று வாரம் அழுவது வழக்கமானதுதான். முதல் நாள் அம்மாவோ பாட்டியோ கூடவே இருக்க, ஒரு மணி நேரம் போதும். இரண்டாம் நாள் அவர் பத்து நிமிடம் வெளியே போய்த் திரும்பட்டும். அந்த நேரத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போய், ஒரு வாரத்துக்குப் பிறகு முழு நேரம் விடலாம்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: குழந்தை விளையாட்டில் இருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடுவது. அன்றைக்கு அழுகை மிச்சமாகும். மறுநாள் முதல் குழந்தை அம்மாவின் முந்தானையை விடாது, ஏனென்றால் எந்த நிமிடமும் அவர் காணாமல் போகலாம் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள். "ரெண்டு மணிக்கு வருவேன்" என்பது மூன்று வயதுக்குப் புரியாது; "சாதம் சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்" என்பது புரியும். சொன்னபடி வரவும் வேண்டும். காலையில் வாசலில் குழந்தையை வாங்கிக்கொள்பவர் தினமும் ஒரே ஆளாக இருப்பது பெரிய உதவி. அம்மாவின் பழைய புடவைத் துண்டு ஒன்றைப் பையில் வைத்து அனுப்பலாம்.

பொங்கல் விடுமுறை, காய்ச்சல் இவற்றுக்குப் பிறகு அழுகை திரும்ப வரும். அது இரண்டு மூன்று நாளில் அடங்கும். கவலைப்பட வேண்டியது வேறு: ஒரு மாதம் ஆகியும் அங்கே ஒரு வாய் சாப்பிடாதது, அழாமல் மூலையில் ஒடுங்கியே இருப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் மிரள்வது. இவை தெரிந்தால் காத்திருக்காமல் பேசுங்கள்.

மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான். பதிலுக்குக் கடித்துக் காட்டலாமா?

கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை கடிப்பது, வாயால் சொல்ல வராததைப் பல்லால் சொல்வதுதான். முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனியுங்கள், கடித்தவனை அல்ல. கவனம் முழுக்கக் கடித்தவனுக்குக் கிடைத்தால் அதுவே பரிசாகிவிடும். காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறகு கடித்தவனிடம் நேருக்கு நேர் குனிந்து, "கடிச்சா வலிக்கும். வேணும்னா 'குடு'ன்னு கேளு" என்று சொன்னால் போதும். பிரசங்கம் வேண்டாம்.

ஒரு வாரம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதற்காகக் கடித்தான் என்று குறித்துவையுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் பசியில் நடக்கிறதா, ஒரே ஒரு சிவப்பு லாரிக்காக நடக்கிறதா என்பது தாளில் தெரிந்துவிடும். முதலாவதற்குச் சிற்றுண்டி நேரத்தை முன்னே கொண்டுவர வேண்டும். இரண்டாவதற்கு அதே மாதிரி இன்னொரு லாரி வாங்க வேண்டும். கடித்தவன் பெயரைக் கடிபட்டவன் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செல்லமாக ரெண்டு தட்டு தட்டினால்கூடத் தவறா?

தவறு. சட்டப்படியும் தவறு. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தாக்குவதையும் வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதையும், அதனால் தேவையற்ற உடல், மன வேதனை நேரும்படி நடந்தால், குற்றமாக்குகிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் செய்தால் தண்டனை ஐந்து ஆண்டு வரை, அபராதம் ஐந்து லட்சம் வரை.

கழிவறையில் பூட்டுவது, கால்சட்டையில் மூத்திரம் போனதை எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பது, மூக்கைப் பிடித்து ஊட்டுவது ஆகியவையும் விட்டொழிக்க வேண்டியவையே. மூக்கைப் பிடித்தால் உணவு மூச்சுக்குழலில் இறங்கலாம். "போலீஸ் மாமா பிடிச்சுக்கிட்டுப் போயிடுவார்" என்ற மிரட்டலுக்குத் தனிக் கெடுதி உண்டு: கூட்டத்தில் தொலைந்துபோகும் குழந்தை, காக்கிச் சட்டையைக் கண்டால் ஓடி ஒளியும்.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்கிறார்களே?

அந்த ஒரு வாக்கியத்தால் வீணான ஆண்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. 12 மாதத்தில் மழலை ஒலியோ, கை காட்டிக் கேட்பதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதத்தில் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை. எந்த வயதிலானாலும் வந்த பேச்சு நின்றுபோகிறது – இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும். தாய் சேய் நல அட்டையிலும் மாதவாரியாக வளர்ச்சிப் படிகள் படத்துடன் இருக்கின்றன. தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடிவிடுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது காது. பாத்திரம் விழுந்த சத்தத்துக்குத் திரும்பிவிட்டான் என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவுகட்டக் கூடாது; பலத்த சத்தம் கேட்டு, பேச்சொலி கேட்காத குழந்தைகள் உண்டு. பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கான காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு உண்டு. பேச்சைக் கற்கும் மூளையின் காலம் அதற்கும் முன்பே சுருங்கத் தொடங்குவதால், இரண்டு வயதில் கண்டுபிடிப்பதும் ஐந்து வயதில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

வழி இது: 2013-இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-இன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அடுத்த வருகை வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரை வாங்கி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு நேரே போகலாம். அங்கே குழந்தை மருத்துவர், செவித்திறன் வல்லுநர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதே திட்டத்தின் ஏற்பாடு. பிளே ஸ்கூல் குழந்தைக்கும் இது பொருந்தும்.

பணியாளர் பெற்றோரிடம் பேசும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அது மருத்துவர் வேலை. பார்த்ததைச் சொல்லுங்கள்: "பேர் சொல்லிக் கூப்பிட்டா பத்துக்கு எட்டுத் தடவை திரும்ப மாட்டேங்கிறான்."

ஆட்டிசம் உள்ள குழந்தையைச் சேர்க்க மறுக்கலாமா? சேர்த்தால் என்ன செய்வது?

அங்கன்வாடியில் மறுக்க இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளைக் கண்டறிந்து சேர்ப்பதற்கான தனி நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. அன்றைய வேலைகளை ஐந்தாறு படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள்: வணக்கம், விளையாட்டு, கை கழுவல், சாப்பாடு, தூக்கம், வீடு. முடிந்ததைக் கழற்றி ஒரு டப்பாவில் போடும் வேலை அந்தக் குழந்தைக்கே. ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு மாறும்போதுதான் கூச்சலும் புரளலும் வரும்; ஆகவே இரண்டு நிமிடம் முன்பே அடுத்த படத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். குக்கர் விசில் தாங்காத குழந்தையைச் சமையல் நேரத்தில் அடுப்படிக்குத் தூரமாக உட்கார வையுங்கள். ஒரு மூலையில் பாயும் தலையணையும் போட்டு, வேண்டும்போது தானே போய்ப் படுக்கும் இடமாக வையுங்கள். அது தண்டனை மூலை ஆகிவிட்டால் பயன் போய்விடும். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி முகத்தைத் திருப்பாதீர்கள்.

வட்டத்தில் உட்கார மறுத்தால் வட்டத்துக்கு வெளியே நின்று கேட்கட்டும். பாதிப் பேர் நினைப்பதைவிட அதிகமாகவே கேட்டுக்கொண்டிருப்பான்.

வகுப்பில் வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கலாமா?

வேண்டாம், எந்தப் பயனும் இல்லை. வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் உள்ள பொருட்களை நகர்த்தி, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, முதல்முறை வலிப்பானாலோ 108. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலால் வலிப்பு வருவது பரவலாகக் காணப்படுவது. அந்தக் குழந்தையை ஒதுக்கிவைக்கக் காரணம் எதுவும் இல்லை.

நடக்க முடியாத குழந்தைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டுமா?

வாசற்படிக்குச் சாய்தளம் போதும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். பலர் நான்கடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழும். உள்ளே மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தால், இந்தக் குழந்தையும் சுவர் மூலையில் முதுகு சாய்த்துத் தரையிலேயே உட்காரட்டும். இல்லையென்றால் எல்லோர் தலைக்கும் மேலே தனியாக இருக்கும்.

ஒடியாவோ இந்தியோ மட்டும் பேசும் குழந்தைகள் வருகிறார்கள். தமிழிலேயே பேச வைத்துவிடலாமா?

திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இது அன்றாடம். குழந்தை முதல் சில மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுச் சேமிக்கும் காலம் அது, மந்தபுத்தி அல்ல. தண்ணீர், பசி, வலி, கழிவறை, அம்மா வருவார் – இந்த ஐந்தையாவது குழந்தையின் மொழியில் பெற்றோரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "வீட்டிலும் தமிழே பேசுங்கள்" என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். வீட்டு மொழி வலுவாக இருந்தால் இரண்டாவது மொழி சுலபமாக ஏறும்.

சமைப்பவரின் சாதியைச் சொல்லிச் சாப்பாட்டை மறுக்கும் பெற்றோரை என்ன செய்வது?

வளைந்துகொடுக்கக் கூடாது. தனித் தட்டு, தனி வரிசை, வீட்டிலிருந்து தனிச் சாப்பாடு என்று ஒரு குடும்பத்துக்கு இறங்கினால், மற்ற குழந்தைகள் அன்றே பாடம் கற்றுக்கொள்வார்கள். பணியாளர் தனியாக ஊரோடு மோத வேண்டியதில்லை. வட்டார மேற்பார்வையாளருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இதற்குப் பொருந்தக்கூடும் என்பதை அவர்கள் வாயால் கேட்டால் பலர் தணிந்துவிடுவார்கள். உட்காரும் வரிசையைத் தினமும் மாற்றுங்கள்.

எவ்வளவு நேரம் செல்போன், டி.வி. காட்டலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்: இரண்டு வயது வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைவாக இருந்தால் நல்லது. பாட்டி ஊரிலிருந்து பேசும் வீடியோ காலை இதில் சேர்க்க வேண்டாம். அதே வழிகாட்டுதல் மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், மூன்று மணி நேர உடலசைவும் சொல்கிறது. எண்ணிப் பார்த்தால் திரைக்கு மிஞ்சும் நேரம் தானே குறைந்துவிடும்.

அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்கும் பள்ளிக்கும் சேர்த்துத்தான். மாலையில் வீட்டில் திரை உறுதி என்பதால், பள்ளியில் வாரத்துக்கு ஓரிரு முறை, பத்து நிமிடப் பாட்டு, கூடவே எழுந்து ஆடும்படி இருந்தால் போதும். போனைக் காட்டி ஊட்டுவதைப் பள்ளியில் அறவே விட வேண்டும். வயிறு நிறைந்தது தெரியாமல் விழுங்கும் பழக்கம் வரும். போன் இல்லாத நாளில் வாய் திறக்காது.

போனைக் கொடுத்தே ஆக வேண்டிய நேரத்தில் என்ன அமைப்புகளை மாற்ற வேண்டும்?

எளிதான வழி: பார்த்துத் தேர்ந்த வீடியோவை முன்பே இறக்கி வைத்து, ஏரோப்ளேன் மோடு போட்டுக் கொடுப்பது. அழைப்பு, விளம்பரம், அடுத்த வீடியோ எதுவும் வராது. தொல்லை பெரும்பாலும் முதல் வீடியோவில் இல்லை. ஆட்டோபிளே கொண்டுவரும் ஐந்தாவது ஆறாவதில்தான், தெரிந்த கார்ட்டூன் முகத்தைப் போட்டுப் பயங்கரமானதைக் காட்டுபவை வரும். ஆகவே ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். யூடியூப் கிட்ஸில் நீங்கள் ஒப்புதல் கொடுத்தவை மட்டும் வரும்படியான அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் தேடலும் முடங்கிவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் ஆப் பின்னிங் இருக்கும். அதை இயக்கி, விடுவிக்கப் பின் எண் கேட்கும்படி வைத்தால் குழந்தை வேறு செயலிக்குப் போகாது. ஐபோனில் கைடட் ஆக்சஸ். பணம் செலுத்தும் செயலிகளுக்குத் தனிப் பூட்டு போடுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் கவனிக்க: போஷன் டிராக்கர் (அங்கன்வாடிப் பதிவுகளுக்கான அரசுச் செயலி) இருக்கும் அரசு போனை எந்தக் குழந்தை கையிலும் கொடுக்காதீர்கள்.

ஆண்டுவிழாப் படங்களை வாட்ஸ்அப்பில் போடுவதில் என்ன ஆபத்து?

இந்த வயதில் குழந்தை தானாக இணையத்தில் போய் மாட்டிக்கொள்வது குறைவு. அதைக் கொண்டுபோய் வைப்பவர்கள் நாம்தான். இணையப் பாதுகாப்பில் முக்கால்வாசி, பெரியவர்களின் கேமரா ஒழுக்கம். சீருடை, கழுத்தில் பெயர் அட்டை, பின்னால் பள்ளிப் பெயர்ப்பலகை, தலைப்பில் "எங்க குட்டி நிலாவுக்கு இன்னிக்கு மூணு வயசு" – தெரியாத ஒருவர் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட இவ்வளவு போதும்.

சேர்க்கைப் படிவத்திலேயே மூன்று தனித்தனிக் கேள்விகள் வையுங்கள்: பள்ளிப் பதிவேட்டுக்குப் படம் எடுக்கலாமா, பெற்றோர் குழுவில் போடலாமா, பொதுவெளியில் போடலாமா. ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்காதீர்கள். மறுத்தவரின் குழந்தையைப் படத்துக்காக ஓரமாக நிற்க வைப்பதும் ஒதுக்கல்தான். எல்லோரையும் முதுகுப் பக்கமிருந்து எடுக்கலாம், கைகளையும் ஓவியங்களையும் எடுக்கலாம். குளியல், உடை மாற்றல், காயம், அழுகை, தூக்கம் ஆகியவை எப்போதும் வேண்டாம். தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருவதால், படிவத்தை இப்போதே சரிசெய்துவிடுவது நல்லது.

கவனிக்காமல் கசியும் இடங்கள் மூன்று. ஊழியரின் சொந்தப் போனில் எடுத்த படம், அவருடைய கூகுள் போட்டோஸில் தானாக ஏறி, வேலையை விட்ட பிறகும் அங்கேயே இருக்கும். பள்ளிக்கென ஒரு போன் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் ஒவ்வொருவர் கேலரியிலும் தானே சேமிக்கப்படும். அதைத் தடுக்க, வாட்ஸ்அப் அமைப்பில் உள்ள மீடியா விசிபிலிட்டியை அணைக்கச் சொல்லுங்கள். படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறிப்பும் கூடவே போகலாம். சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். மற்றபடி, போஷன் டிராக்கருக்காக எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

எல்லா அறையிலும் சி.சி.டி.வி. இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். நல்லதுதானே?

கேள்விகள் கேட்டபின் முடிவுசெய்யுங்கள். எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கடவுச்சொல்லா? அப்படியென்றால் போன வருடம் விலகியவரும் உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றினார்களா? கழிவறையும் உடை மாற்றும் இடமும் கேமராவில் படுகின்றனவா? நேரலையைவிட, பதிவு மட்டும் செய்து, புகார் வந்தால் அலுவலகத்தில் வைத்துக் காட்டும் முறையே மேல். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு தானே அழியும். ஆகவே புகார் வந்த அன்றே அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள். விசாரணை வருவதற்குள் அழிந்துபோவது பல இடங்களில் நடப்பது.

கழிவறைக்கு யார் கூட்டிப்போக வேண்டும்? தொடுதல் பற்றி எப்படிச் சொல்லித்தருவது?

பெயர் குறித்த ஒரு ஊழியர். கதவு பாதி திறந்திருக்க வேண்டும். இன்னொருவருக்குத் தெரிந்து போக வேண்டும். ஓட்டுநர், தோட்டக்காரர், விருந்தினர் எவரும் கூடாது. தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் பிளே ஸ்கூல் வழிகாட்டுதல் 20 குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியரையும் ஒரு பராமரிப்பாளரையும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒருவர் கழிவறைக்குப் போனால் வகுப்பில் ஒருவர் மிஞ்ச வேண்டும்.

உறுப்புகளுக்கு வீட்டில் வெட்கமில்லாமல் சொல்லும் பெயரையே கற்றுக்கொடுங்கள். பெயரில்லாத இடத்தில் நடந்ததைக் குழந்தையால் சொல்ல முடியாது. "கெட்ட தொடுதல்னா வலிக்கும்" என்று சொல்லாதீர்கள், பல நேரம் வலிக்காது. "ஜட்டி மூடுற இடத்தை யாரும் தொடக் கூடாது, கழுவிவிடும்போது மட்டும் அம்மாவோ ஆயாவோ தொடலாம். யாராவது 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னா, உடனே வந்து சொல்லணும்" – இது மூன்று வயதுக்குப் புரியும். மாமாவுக்கு முத்தம் கொடுக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

குழந்தை ஏதோ நடந்ததாகச் சொல்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை." அதற்குமேல் ஒரே கேள்வி: "அப்புறம் என்ன ஆச்சு?" "அந்த டிரைவர் மாமாவா?" என்று பெயரை நீங்களே எடுத்துக்கொடுத்தால் வழக்கு பின்னால் அதிலேயே உடையும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். குழந்தையின் சொற்களை அப்படியே, நேரத்தோடு எழுதுங்கள், திருத்தாதீர்கள். குளிப்பாட்ட வேண்டாம். உடையை மாற்றினால் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும்.

பிறகு குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை, ஊழியர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தில் தெரிவித்தவர்மீது வழக்கு வராது. நிரூபிக்கும் வேலை உங்களுடையது அல்ல, சந்தேகம் போதும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ, சீருடை அணியாமல்தான் பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கை இல்லாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிப்பது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது இரண்டும் குழந்தையை மேலும் ஆபத்தில் தள்ளும். குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் குழுவில் எழுதுவது தனிக் குற்றம்.

எங்கள் குழந்தையின் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்புகிறார்கள். ஆதாரத்துக்காகச் சேமித்து அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். குழந்தை ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் போக்சோ 15-ஆம் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி ஆகியவற்றின் கீழ் வரும். பார்ப்பதும் வைத்திருப்பதும் மட்டும் குற்றமல்ல என்ற சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. "பாருங்க, எச்சரிக்கையா இருங்க" என்று அக்கறையில் பத்துக் குழுக்களுக்கு அனுப்புபவரும் பரப்புபவர்தான்.

பக்கத்தின் முகவரி, கணக்கின் பெயர், வந்த எண், நாள், நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். படம் உங்கள் போனுக்கே வந்திருந்தால் யாருக்கும் முன்னனுப்பாமல் போனோடு காவல் நிலையம் போங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். தொலைபேசி எண் 1930. காவல்துறைக்குத் தெரிவித்த பிறகு அந்தந்தச் செயலியிலும் புகாரளியுங்கள். மூலப் படம் எந்தக் குழுவிலிருந்து போனது என்று தெரிந்தால், அந்தக் குழுவை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்; உறுப்பினர் பட்டியல் விசாரணைக்குத் தேவைப்படும்.